வருமா, வராதா

அவளுக்கு ‘மியூட் அக்கா’ என்று பெயர் வைத்தது யார் என்று அந்த அலுவலகத்தில் யாருக்கும் நினைவில்லை. வைத்தவர் வேலையை விட்டுப் போய்விட்டார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. வீட்டுக்கு வேண்டிய மின்சாதனங்களை ஆன்லைனில் விற்கும் ஒரு கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைப் பிரிவு அது. வாங்கியது வரவில்லை, வந்தது ஓடவில்லை, ஓடியது நின்றுவிட்டது என்று திட்டுவதற்காகவே மக்கள் போன் செய்யும் இடம். திட்டு வாங்குவதுதான் அங்கே வேலை. அதையும் நாள் முழுக்க இனிமையான குரலில் வாங்க வேண்டும்.

காதில் மாட்டிக்கொள்ளும் ஹெட்செட்டின் வயரில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ஒருமுறை அழுத்தினால் நாம் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது. இன்னொரு முறை அழுத்தினால் கேட்கும். தும்மல், இருமல் வந்தால் மரியாதையாகத் தும்மி இருமுவதற்காகக் கம்பெனி கொடுத்த வசதி அது. மற்றவர்கள் அதற்குத்தான் பயன்படுத்தினார்கள். இவளோ அந்தப் பொத்தானை வைத்துக்கொண்டு குடித்தனமே நடத்தினாள்.

“உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம் சார்” என்று தேன் ஒழுகச் சொல்வாள். உடனே பொத்தான். “புரிஞ்சு என்ன கிழிக்கப் போறோம்? அந்த வாஷிங் மெஷின் செத்துப்போச்சு சார். தூக்கிப் போட்டுட்டு வேற கடையில வேற வாங்குங்க. எங்ககிட்ட மட்டும் வாங்காதீங்க.” மறுபடி பொத்தான். “காத்திருந்ததற்கு நன்றி சார்.” பக்கத்து இருக்கைகளில் இருப்பவர்கள் தங்கள் வாடிக்கையாளர்களிடம் சிரித்துவிடாமல் இருக்க நாக்கைக் கடித்துக்கொண்டு தவிப்பார்கள்.

வீட்டிலும் இந்தப் பழக்கம் விடவில்லை. மாமியார் ஆரம்பித்தால் இவளுடைய வலது கட்டைவிரல் தானாக ஆள்காட்டி விரலை அழுத்தும். வாய் அசையாமல் உள்ளே ஒரு முழு பதில் ஓடி முடியும். “என்னம்மா, எப்பப் பாரு விரலை நசுக்கிட்டே இருக்கே, சுளுக்கா?” என்று மாமியார் ஒருநாள் தைலம்கூட எடுத்துக்கொண்டு வந்தார். “ஒண்ணுமில்ல அத்தை, வேலைப் பழக்கம்” என்றாள். பொய் இல்லை.

சிரிப்பாகத் தெரிந்தாலும் இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. சேவைப் பிரிவில் சேர்ந்த முதல் நாளே சொல்லக் கூடாத வார்த்தைகளைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். ‘இல்லை’ கூடாது. ‘முடியாது’ கூடாது. ‘வராது’ என்பது அதைவிடப் பெரிய பாவம். ‘முயற்சி செய்துகொண்டிருக்கிறோம்’ என்று சொல்லலாம், ‘நிச்சயமாக’ என்று சொல்லலாம். போனை நாமாக வைக்கவும் கூடாது. வாடிக்கையாளர்தான் வைக்க வேண்டும். சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர் தினமும் போன் செய்து தன் டிவி எப்போது வரும் என்று கேட்க, பாவமாக இருக்கிறதே என்று இவள், “சார், அது வராதுங்க, அலையாதீங்க” என்று சொல்லிவிட்டாள். பெரியவர் நன்றி சொன்னார். கம்பெனி எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தது. இன்னொரு கடிதம் வந்தால் வேலை போகும். கணவருக்கு நிலையான வேலை இல்லாத வீடு. இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அன்றிலிருந்து உண்மையெல்லாம் பொத்தானுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

அந்தக் குழுவுக்குத் தலைவராக இருந்தவரை எல்லோரும் ‘நிச்சயம் சார்’ என்பார்கள். லிஃப்ட் எப்போது சரியாகும் என்று கேட்டால்கூட “நிச்சயமா ஆகும்” என்பார். கெட்டவர் இல்லை. இவளோடு இதே வரிசையில் உட்கார்ந்து திட்டு வாங்கி மேலே போனவர்தான். மேலே போனவருக்குக் கீழே விழுந்துவிடுவோமோ என்ற பயம் மட்டும் போகவில்லை.

ஒரு நாள் மாலை இவளுடைய ஹெட்செட்டில் ஒரு காது செத்துப்போனது. நிச்சயம் சார் அலமாரியைக் குடைந்து வேறொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வாடிக்கையாளர் யாரோ பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பிய சரக்கு. அலுவலகத்தில் பாதிப் பொருள்கள் அப்படி வந்தவைதான். உலகம் வேண்டாம் என்று சொன்னதையெல்லாம் ஊழியர்களுக்குக் கொடுப்பதில் அந்தக் கம்பெனிக்குத் தாராள மனசு. இவள் அதைக் காதில் மாட்டி, வயரில் பொத்தான் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. அவ்வளவு போதும் என்று நினைத்தாள். உடனே அழைப்பு வந்துவிட்டது.

“ஏம்மா, நீயாவது ஒழுங்கா பதில் சொல்வியா?”

ஒரு அம்மாவின் குரல். திட்டும் குரல் இல்லை. கத்திக் கத்திக் களைத்துப்போன பிறகு மிஞ்சும் குரல். அதற்குப் பின்னால் சீராக ஏதோ ஒரு மெஷின் இரைந்துகொண்டிருந்தது.

“சொல்லுங்கள் மேடம், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்?”

“உதவியெல்லாம் வேண்டாம். கேட்டதுக்குப் பதில் சொன்னாப் போதும். எங்க வீட்டுக்காரருக்கு நுரையீரல் கெட்டுப்போச்சு. ஆக்சிஜன் மெஷின்லதான் மூச்சு ஓடுது. அது கரண்ட்ல ஓடுற மெஷின். நாளைக்குக் காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் எங்க தெருவுல கரண்டை நிறுத்தப் போறாங்க, கம்பம் மாத்துறாங்களாம். அதுக்குத்தான் உங்ககிட்ட பேட்டரியோட இன்வெர்ட்டர் வாங்கினேன். பொட்டி வந்துச்சு. பிரிச்சா உள்ள ரெண்டு ஸ்பீக்கர். மூச்சு வாங்க மெஷின் கேட்டா, பாட்டுக் கேக்கப் பொட்டி அனுப்பிருக்கீங்களேம்மா.”

இவள் கணினித் திரையில் அந்த ஆர்டரைத் திறந்தாள். மாற்றுப் பொருள் பதிவாகியிருந்தது. வாடிக்கையாளருக்குப் போயிருந்த செய்தியும் இருந்தது: ‘உங்கள் பொருள் நாளை காலைக்குள் வந்து சேரும்.’ அதற்குக் கீழே, ஊழியர்களுக்கு மட்டும் தெரியும் சிவப்பு எழுத்தில் இன்னொரு வரி. குடோனில் சரக்கு இல்லை. புதுச் சரக்கு வரும் தேதி தெரியவில்லை.

“மேடம், உங்கள் மாற்றுப் பொருளை அனுப்ப முயற்சி செய்துகொண்டிருக்கிறோம்...”

“அதைத்தான் காலையில இருந்து எல்லாரும் சொல்றாங்க. நான் கேக்குறது வேற. நல்லாக் கேட்டுக்கோ. சிலிண்டர் வாடகைக்குக் கொடுக்கிற கடை ஒண்ணு இருக்கு. அவங்ககிட்ட கடைசியா ஒண்ணே ஒண்ணு இருக்காம். ஏழு மணிக்குக் கடையைப் பூட்டிடுவாங்க, நாளைக்கு லீவாம். அதுக்குள்ள வந்தா எனக்கு, இல்லேன்னா கேக்குற வேற யாருக்காவது கொடுத்துடுவாங்க. நான் போனா வீட்டுல இவரு மட்டும்தான். எழுந்து வந்து கதவைத் திறக்க இவரால முடியாது. அந்த நேரம் பார்த்து உங்க டெலிவரி ஆளு வந்தான்னா, வீடு பூட்டியிருந்துச்சுன்னு எழுதிக்கிட்டுத் திரும்பிப் போயிடுவான். புரியுதா? வரும்னா நான் வாசல்லயே உட்கார்ந்திருக்கேன். வராதுன்னா இப்பவே ஓடணும். வருமா, வராதா? ரெண்டுல ஒண்ணு சொல்லு.”

ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் இந்த அம்மா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடுவாள். இவளுக்குத் தொண்டை வரை வந்துவிட்டது அந்த வார்த்தை. நிச்சயம் சார் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நடந்துபோனார். வார்த்தை வந்த வழியே உள்ளே இறங்கியது.

“மேடம், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டால்...”

“போன தடவை சேர்த்தேன். தனியாப் போட்டுப் பூட்டிட்டாங்க, கண்ணுலகூடக் காட்டலை. திரும்பி வந்ததும் என் கையைப் புடிச்சுக்கிட்டு, செத்தாலும் வீட்டுலயே சாகுறேன்னு சொன்னாரு. அதெல்லாம் உனக்கு எதுக்கும்மா? நீ ஆமா, இல்லைன்னு சொல்லு.”

“உங்கள் நிலைமை எங்களுக்கு மிகவும் வருத்தமளிக்கிறது மேடம். எங்கள் குழு உங்கள் ஆர்டருக்கு முன்னுரிமை கொடுத்து...”

“வருமா?”

“முயற்சி...”

“வராதா?”

“மேடம், நிச்சயமாக...”

“நிச்சயமா வருமா, நிச்சயமா வராதா?”

சுவரில் இருந்த கடிகாரம் ஆறரையைத் தாண்டியிருந்தது. அந்தப் பக்கம் மெஷின் இரைச்சலுக்கு நடுவே ஒரு இருமல் கேட்டது. ஆரம்பித்த இருமல் முடியவே இல்லை. “இருங்க, இருங்க, இதோ வந்துட்டேன்” என்று அந்த அம்மா கணவரிடம் சொல்வதும் கேட்டது. இருமல் அடங்கிய பிறகு மறுபடி போனுக்கு வந்து, “சொல்லும்மா, வெச்சுடாதே” என்றாள். கெஞ்சல். திட்டினால்கூடத் தாங்கிக்கொள்ளலாம், கெஞ்சினால் என்ன செய்வது? இவளுக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் பொங்கியது. கம்பெனி மேல் கோபம், சிவப்பு வரியை எழுதியவன் மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன்மேல் கோபம்.

“ஒரு நிமிடம் காத்திருங்கள் மேடம்” என்று சொல்லிவிட்டுப் பொத்தானை அழுத்தினாள். பக்கத்து இருக்கைக்காரியின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள்.

“வராதுடி! அந்த இன்வெர்ட்டர் நாளைக்கும் வராது, அடுத்த வாரமும் வராது. குடோன்ல சரக்கே இல்லை. இல்லாத பொருளை நாளைக் காலைக்குள்ள தர்றோம்னு மெசேஜ் அனுப்பி வெச்சிருக்கானுங்க, படுபாவிங்க. அந்த அம்மா அதை நம்பி வாசலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க. இப்பக் கெளம்பினாத்தான் சிலிண்டர் கெடைக்கும். கெளம்புங்கம்மா, ஓடுங்கம்மா, எங்களை நம்பாதீங்கன்னு சொல்லணும்டி. சொன்னா என் வேலை போயிடும். சொல்லலைன்னா அந்த மனுஷன் உசுரு போயிடும். நான் என்னடி பண்ணுவேன்?”

பக்கத்து இருக்கைக்காரி எப்போதும்போல் சிரிக்கத்தான் திரும்பினாள். சிரிப்பு வரவில்லை. இவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூச்சை இழுத்துவிட்டு, மறுபடி பொத்தானை அழுத்தினாள்.

“காத்திருந்ததற்கு நன்றி மேடம்.”

மெஷின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அந்த அம்மா மெதுவாக, “கேட்டுச்சும்மா” என்றாள்.

“மேடம்?”

“நீ ஒண்ணும் சொல்லலை, நான் ஒண்ணும் கேக்கலை. வெச்சுடறேன்.” போனை வைத்துவிட்டாள்.

இவள் ஹெட்செட்டைக் கழற்றிப் பார்த்தாள். பக்கத்து இருக்கைக்காரி அதை வாங்கிப் பொத்தானை அமுக்கி அமுக்கிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள். “அக்கா, இது பழசு மாதிரி இல்லை. இதுல அமுக்கிப் புடிச்சுட்டே இருந்தாத்தான் மியூட். விரலை எடுத்தா எல்லாம் கேக்கும்.”

அன்று வீட்டுக்குப் போனதும் மாமியார் என்னவோ சொன்னார். இவள் விரலை அழுத்தவும் இல்லை, பதில் சொல்லவும் இல்லை. தலைக்கு மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். கரண்ட் என்ற ஒன்று இருப்பதை அவள் வாழ்க்கையில் அன்றுதான் முதன்முறையாகக் கவனித்திருப்பாள். கடை பூட்டுவதற்குள் அந்த அம்மா போயிருப்பாளா? போவதற்குள் வேறு யாராவது வாங்கியிருந்தால்? அவரைத் தனியாக விட்டுவிட்டுப் போகத் துணிந்திருப்பாளா? கணவர் வந்து, “என்ன, ஒரு மாதிரியா இருக்கே?” என்று கேட்டார். “வேலை போனாலும் போகும்” என்றாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை அலுவலகத்தில் ஒவ்வொரு அழைப்பையும் பதறிப் பதறி எடுத்தாள். அந்தக் குரல் வரவில்லை. அழைப்பு வராமல் ஒரு வாடிக்கையாளரின் விவரத்தைத் திறந்து பார்க்கவும் வழியில்லை, சிஸ்டம் விடாது. அந்தத் தெருவில் இந்நேரம் கரண்டை நிறுத்தியிருப்பார்கள் என்பது மட்டும் தெரிந்தது. கொஞ்ச நேரத்தில் நிச்சயம் சார் வந்து, முகத்தைப் பார்க்காமல், “உள்ள வாங்க” என்றார்.

கண்ணாடி அறைக்குள் தரப் பிரிவு மேடம் உட்கார்ந்திருந்தார். அழைப்புகளையெல்லாம் ஒட்டுக் கேட்டு மார்க் போடுவது அவர் வேலை. நேற்றைய பதிவை ஓடவிட்டார். தன் குரலையே இவள் கேட்டாள்: கெளம்புங்கம்மா, ஓடுங்கம்மா. மேடம் பதிவை நிறுத்தினார்.

“வேணும்னே சொன்னீங்களா, தெரியாம வந்துடுச்சா?”

“தெரியாமதான் மேடம். புது ஹெட்செட். பொத்தான் வேற மாதிரி இருந்துச்சு.”

“நான்தான் மேடம் மாத்திக் கொடுத்தேன்” என்றார் நிச்சயம் சார். அந்த மனுஷன் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வரும் என்று இவள் எதிர்பார்க்கவில்லை.

மேடத்தின் முகம் இளகியது. “அப்போ பெரிசு பண்ண வேண்டாம். ஆனா வாடிக்கையாளருக்குத் தப்பான தகவல் போயிருக்கு. நீங்களே கூப்பிட்டுத் திருத்திடுங்க. இதைப் படிச்சாப் போதும்.” ஒரு தாளை நகர்த்தினார். ‘நேற்று எங்கள் ஊழியர் கூறியது தவறான தகவல். உங்கள் பொருள் நிச்சயமாக வந்து சேரும். தயவுசெய்து காத்திருக்கவும்.’

“மேடம், சரக்கு இல்லையே.”

“சிஸ்டத்துல வேற மாதிரி இருக்கு. நேத்து சாயங்காலமே கொண்டு போயிருக்காங்க. வீடு பூட்டியிருந்துச்சாம்.”

இவளுக்கு ஒரு கணம் உயிர் வந்தது. வீடு பூட்டியிருந்தால் அந்த அம்மா சிலிண்டர் வாங்கப் போயிருக்கிறாள் என்றுதானே அர்த்தம். அடுத்த கணமே உறைத்தது. குடோனிலேயே இல்லாத பொருளை எந்த மகராசன் தூக்கிக்கொண்டு போனான்? யாரும் போகவில்லை. பூட்டையும் யாரும் பார்க்கவில்லை. சொன்ன நாளில் போகாத பொருள் தாமதக் கணக்கில் சேராமல் இருக்க யாரோ தட்டிவிட்ட வரி அது. இவளுக்கு இருந்த ஒரே ஆறுதலும் பொய்.

மேஜைமேல் இருந்த போனில் நிச்சயம் சார் எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

“எடுக்கலை மேடம்” என்றார் நிச்சயம் சார்.

“இன்னொரு தடவை போடுங்க.”

மறுபடி மணி அடித்தது. எடுக்காத போனுக்குப் பின்னால் என்னவெல்லாம் நடந்திருக்கும் என்று நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்தாள். ஆம்புலன்ஸ் நினைவுக்கு வந்தது. வாசலில் கூடி நிற்கும் அக்கம்பக்கத்தார் நினைவுக்கு வந்தார்கள். அதற்குள் யாரோ எடுத்துவிட்டார்கள். எடுத்தவர் பேசவில்லை. நேற்றுப் பின்னால் இரைந்த மெஷினின் சத்தம் இப்போது இல்லை.

“அம்மா...” என்றாள் இவள். மேடம் என்று கூப்பிட வேண்டும் என்பது மறந்துபோனது. “நேத்து பேசின பொண்ணும்மா.”

கதவு ஒன்று மெல்லச் சாத்தப்படும் சத்தம் மட்டும் கேட்டது. தரப் பிரிவு மேடம் தாளைச் சுட்டிக் காட்டினார். இவள் தாளைப் பார்த்தாள். ‘தயவுசெய்து காத்திருக்கவும்.’ வேலையை நினைத்தாள். வீட்டு அடுப்பையும் நினைத்தாள். பிறகு தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டு, நேற்று அடக்கியதையெல்லாம் சேர்த்து, அந்த அறைக்கே கேட்கும்படி உரக்கப் பேசினாள்.

“நேத்து நான் சொன்னது அத்தனையும் உண்மைம்மா. தெரியாமத்தான் வாயில வந்துச்சு, ஆனா உண்மை. இப்பத் தெரிஞ்சே சொல்றேன். அது வராது. எங்க கம்பெனியில இருந்து யாரு கூப்பிட்டு வரும்னு சொன்னாலும் நம்பாதீங்க. வராதும்மா. அவரு எப்படி இருக்காரு? சிலிண்டர் கெடைச்சுதா? ஏதாவது பேசுங்கம்மா.”

நிச்சயம் சார் தலையில் கை வைத்துக்கொண்டார். மேடம் போனை அணைக்கக் கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது, ஏனென்றால் அந்தப் பக்கம் பதில் வந்தது. ரகசியம் பேசுவதுபோல் தாழ்ந்த குரல்.

“ஏம்மா இப்படிக் கத்துறே? மெதுவாப் பேசு. விடிய விடிய இருமிட்டு, சிலிண்டரை மாட்டினப்புறம் இப்பதான் கண்ணசந்திருக்காரு.”

இவள் குரலைத் தாழ்த்தி, “சரிம்மா” என்றாள்.